நாளுக்கு 100 ஜிபி வரவு, டிஸ்க்கில் 7 டிபி எழுத்து: ரைட் லோடு அதிகமுள்ள டேட்டாபேஸுக்கு ஹார்ட்வேர் கணக்கு

“ஒரு நாளைக்கு 100 ஜிபி டேட்டா வரும். ஐந்து வருஷம் தாங்குகிற மாதிரி சர்வர் வேண்டும்.” அதிகம் எழுதும் டேட்டாபேஸுக்கு ஹார்ட்வேர் கேட்பவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டுதான் வருவார்கள். டிஸ்க் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று சொல்ல அந்த எண் போதும். டிஸ்க் எத்தனை நாள் உயிரோடு இருக்கும், கமிட் (எழுதியது உறுதி என்று டேட்டாபேஸ் சொல்வது) எவ்வளவு நேரம் காத்திருக்கும், ரெப்ளிகா (நகல் சர்வர்) பின்தங்குமா என்பதற்கெல்லாம் அது பதில் சொல்லாது. ஒரு ரெக்கார்டு உள்ளே வந்ததும் டேட்டாபேஸ் அதை டிஸ்க்கில் எத்தனை முறை, எந்தெந்த இடத்தில், எவ்வளவு பெரிய துண்டாக எழுதுகிறது என்பதைக் கணக்கிட்ட பிறகுதான் விலைப்பட்டியலைத் திறக்க வேண்டும்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை போகலாம். மத்திய அரசு 2021-ல் தொடங்கிய ஆர்டிஎஸ்எஸ் (மின் விநியோகச் சீரமைப்பு) திட்டத்தில் சுமார் 25 கோடி ப்ரீபெய்டு ஸ்மார்ட் மீட்டர்கள் என்பது இலக்கு. அதில் ஒரு மின் விநியோக நிறுவனத்தின் பங்கு 1 கோடி மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மீட்டரும் 15 நிமிடத்துக்கு ஒரு ரீடிங் தருகிறது. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். மை எஸ்க்யூஎல் என்றாலும் கணக்கின் போக்கு இதேதான். அங்கே பேஜ் (டேட்டாபேஸ் ஒரே தடவையில் படித்து எழுதும் துண்டு) 16 கேபி, டபுள்ரைட் என்ற பெயரில் ஒவ்வொரு பேஜும் இரண்டு முறை எழுதப்படும்.

1 கோடி மீட்டர், நாளைக்கு 96 ரீடிங் என்றால் 96 கோடி ரெக்கார்டு. விநாடிக்குச் சராசரி 11,111.

இந்தச் சராசரியை நம்பி எதையும் வாங்கக் கூடாது. மீட்டர்கள் கால்மணி நேரத்தைச் சமமாகப் பங்குபோட்டுக்கொண்டு அனுப்புவதில்லை. கால்மணி முடிந்ததும் ஹெட் எண்ட் சிஸ்டம் (மீட்டர்களிடமிருந்து ரீடிங்கைத் திரட்டும் சர்வர்) முதல் மூன்று நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் தள்ளிவிட்டால் விநாடிக்கு 55,000 ஆகிறது. இதற்கு மேல் பாக்கி இருக்கிறது. ஒரு வட்டாரத்தில் மொபைல் நெட்வொர்க் ஆறு மணி நேரம் படுத்து, 20 லட்சம் மீட்டர்கள் மௌனமாகிவிட்டால், திரும்பி வரும்போது மீட்டருக்கு 24 ரீடிங் வீதம் 4.8 கோடி ரெக்கார்டு வரிசையில் நிற்கும். அதை ஒரு மணி நேரத்தில் தீர்க்க வேண்டுமென்றால் விநாடிக்கு இன்னொரு 13,000. ஆகவே திட்டமிட வேண்டிய உச்சம் சுமார் 70,000. சராசரியைப் போல ஆறு மடங்கு. புயல் வந்த மறுநாள்தான் இந்த உச்சம் வரும். மின்வாரியத்தில் எல்லோரும் டேஷ்போர்டைப் பார்த்துக்கொண்டிருப்பதும் அன்றைக்குத்தான்.

ஒரு ரெக்கார்டு எத்தனை பைட்

மீட்டர் எண் 8 பைட், நேரம் 8 பைட், ஐந்து அளவீடுகள் தலா 4 பைட். மொத்தம் 36, 8-ன் மடங்காகச் சீரமைந்து 40 ஆகும். இதற்கு மேல் போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் 24 பைட் தலைப்பும், பேஜுக்குள் 4 பைட் சுட்டியும் வைக்கும். ஆக 68 பைட். 96 கோடியால் பெருக்கினால் டேபிளுக்கு நாளைக்கு 65 ஜிபி. பிரைமரி கீ (ஒரு ரெக்கார்டை அடையாளம் காட்டும் திறவுகோல்) இண்டெக்ஸில் ஒரு பதிவு 28 பைட். வரிசையின்றி நுழையும் பதிவுகளால் பேஜ்கள் பிளந்து பிளந்து சுமார் 70 சதவீதம்தான் நிரம்பியிருக்கும் என்பதால் 40 பைட் என்று வைக்க வேண்டும். அது 38 ஜிபி. இரண்டும் சேர்ந்துதான் அந்த “ஒரு நாளைக்கு 100 ஜிபி”.

அடுத்தது வால் லாக், அதாவது ரைட்-அஹெட் லாக். எந்த மாற்றமும் டேபிளுக்குப் போகும் முன் இதில் எழுதப்பட்டு, கமிட்டின்போது டிஸ்க்கில் உறுதியாக இறங்க வேண்டும். டேபிளுக்கு ஒரு பதிவு, இண்டெக்ஸுக்கு ஒரு பதிவு என்று சேர்த்து ரெக்கார்டுக்கு ஏறத்தாழ 190 பைட் பிடிக்கும். நாளைக்கு 180 ஜிபி. இதுவரை பயப்பட ஒன்றுமில்லை.

பயப்பட வேண்டியது முழுப்பேஜ் நகல். ஒரு செக்பாயிண்ட் (ரேமில் மாறிய பேஜ்களையெல்லாம் டிஸ்க்கில் இறக்கும் வேலை) முடிந்த பிறகு எந்த 8 கேபி பேஜையும் முதல் முறையாகத் தொடும்போது, போஸ்ட்கிரெஸ் அந்த மாற்றத்தை மட்டும் எழுதாமல் பேஜ் முழுவதையும் வாலில் எழுதிவைக்கும். பாதி எழுதும்போது கரண்ட் போனால் பேஜ் கிழிந்துவிடும். அதைச் சரிசெய்ய முழு நகல் தேவை. பேஜில் காலியாக உள்ள நடுப்பகுதியை விட்டுவிடும் என்பதால் நம் இண்டெக்ஸில் ஒரு நகல் சுமார் 5.7 கேபி வரும்.

பிரைமரி கீ “மீட்டர் எண், நேரம்” என்ற வரிசையில் இருக்கிறது, பார்ட்டிஷன் (டேபிளின் பிரிவு) நாளுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானோர் யோசிக்காமல் போடுவது இந்த அமைப்பைத்தான், ஏனென்றால் கேள்விகள் எல்லாம் மீட்டர் எண்ணைக் கொண்டுதான் வரும். நாள் முடியும் நேரத்தில் இந்த இண்டெக்ஸில் சுமார் 47 லட்சம் பேஜ்கள் இருக்கும். ஒரு பேஜில் இரண்டு மீட்டர்களின் பதிவுகள்தான் அடங்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு செக்பாயிண்ட் என்றால் அந்த இடைவெளியில் 33 லட்சம் மீட்டர்கள் எழுதுகின்றன. அவை 47 லட்சம் பேஜ்களில் பாதிக்கு மேல், ஏறத்தாழ 27 லட்சத்தைத் தொட்டுவிடும். 28 பைட் சேர்ப்பதற்காக ஒவ்வொரு முறையும் 5.7 கேபி. ஐந்து நிமிடத்துக்கு 15 ஜிபி வால். அதே 27 லட்சம் பேஜ்களைச் செக்பாயிண்ட் தனியாக டேட்டா டிஸ்க்கில் 8 கேபி 8 கேபியாக எழுதியாக வேண்டும். விநாடிக்கு 9,000 சிதறிய எழுத்துகள்.

காலையில் இண்டெக்ஸ் சிறிதாக இருக்கும்போது இவ்வளவு வராது. நாள் முழுக்கச் சராசரி எடுத்தால் வாலுக்கு 2.7 டிபியும் டேட்டா டிஸ்க்குக்கு 3.7 டிபியும், அடிப்படை எழுத்துகளையும் சேர்த்து 7 டிபிக்குப் பக்கத்தில் வரும். உள்ளே வந்தது 100 ஜிபி. எழுதப்பட்டது 70 மடங்கு.

இதில் இன்னொரு பொறி உண்டு. வால் எவ்வளவு சேர்ந்தால் செக்பாயிண்ட் தொடங்க வேண்டும் என்ற வரம்பு இயல்பாக 1 ஜிபிதான். இந்தச் சுமையில் 1 ஜிபி சில பத்து விநாடிகளில் நிரம்பும். ஐந்து நிமிடம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, செக்பாயிண்ட் நிமிடத்துக்கு ஒன்றுக்கு மேல் ஓடும், முழுப்பேஜ் நகல்கள் இன்னும் பெருகும். செக்பாயிண்ட் அடிக்கடி வருகிறது என்று லாக் ஃபைல் எச்சரித்துக்கொண்டே இருக்கும், யாரும் படிப்பதில்லை.

ஹார்ட்வேர் வாங்கும் முன் இண்டெக்ஸை மாற்றுங்கள்

பிரைமரி கீயின் வரிசையை “நேரம், மீட்டர் எண்” என்று திருப்பிப் போட்டால் எழுத்து எல்லாம் இண்டெக்ஸின் வலது ஓரத்தில் குவியும். ஒரு கால்மணிக்கான 1 கோடி பதிவுகள் 400 எம்பிக்குள் அடங்கும். எத்தனை செக்பாயிண்ட் வந்தாலும் நகலாக வேண்டியது அந்த 400 எம்பிதான். ஒரே ரீடிங் இரண்டு முறை வந்தால் தடுக்கும் வேலையையும் இந்தக் கீ அப்படியே செய்யும்.

மீட்டர் வாரியாகத் தேடும் கேள்விகளுக்கு என்ன வழி? நாள் முடிந்து பார்ட்டிஷன் மூடியதும், அதன் மேல் மீட்டர் எண்ணில் தொடங்கும் இரண்டாவது இண்டெக்ஸை ஒரே மூச்சில் கட்டுங்கள். வரிசைப்படுத்தி நெருக்கமாகக் கட்டப்படும் என்பதால் 30 ஜிபி. வாலுக்கு இன்னொரு 30 ஜிபி. மொத்தம் 60. அதே இண்டெக்ஸை நேரலையில் பராமரித்ததற்கு 6 டிபிக்கு மேல் செலவானது. இன்றைய ரீடிங்கை மீட்டர் எண்ணால் தேட வேண்டும் என்று நிர்வாகம் கேட்டால், மணிக்கு ஒரு பார்ட்டிஷன் வைத்து மீட்டர் எண் முதலில் வரும் இண்டெக்ஸைப் போடலாம். மணிநேர இண்டெக்ஸ் 1.6 ஜிபிதான் இருக்கும். அதற்கு மேல் முழுப்பேஜ் நகல் போக முடியாது. ஆனால் ஆண்டுக்கு 8,760 பார்ட்டிஷன் சேரும், கேள்வித் திட்டமிடல் தள்ளாடும், பழையதை நாள்வாரியாகச் சேர்க்கும் வேலை தனியாக வரும். எங்கள் பரிந்துரை முதல் வழிதான்.

செக்பாயிண்ட் இடைவெளியை 30 நிமிடமாக்கி, வால் வரம்பை 64 ஜிபி என்று உயர்த்துங்கள். கிராஷ் ஆனால் மீண்டெழப் பல நிமிடங்கள் பிடிக்கும். ரெப்ளிகா இருக்கும்போது அந்த விலையைக் கொடுக்கலாம். வால் சுருக்கத்தை எல்இசட்4 முறையில் இயக்குங்கள். பதிப்பு 15-லிருந்து கிடைக்கிறது. முழுப்பேஜ் நகலை அடியோடு நிறுத்தச் சொல்லும் அறிவுரைகளும் உலவுகின்றன. ஃபைல் சிஸ்டமோ டிஸ்க்கோ 8 கேபியைப் பிளக்காமல் எழுதும் என்ற உத்தரவாதம் கையில் இல்லாமல் அதைச் செய்ய வேண்டாம்.

இப்போது நாள் கணக்கு: வால் 235 ஜிபி. டேபிள் 65 ஜிபி என்றாலும் அது ஒரு முறையோடு நிற்காது. முதலில் நுழையும்போது ஒன்று, கமிட் நிலையைக் குறிக்க ஒன்று, பிறகு வாக்யூம் (டேபிளைப் பராமரிக்கும் பின்னணி வேலை) ஃப்ரீஸ் செய்ய ஒன்று என்று மூன்று முறைவரை எழுதப்படலாம். இண்டெக்ஸ்கள் 90 ஜிபி. எல்லாம் சேர்ந்து அரை டிபிக்குப் பக்கம். 7 டிபி அரை டிபியானதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை.

ஏற்கெனவே ஓடும் சிஸ்டம் இருந்தால் இதையெல்லாம் ஊகிக்க வேண்டியதில்லை. காலை ஒரு முறை, 24 மணி நேரம் கழித்து ஒரு முறை வாலின் நிலையைக் குறித்து வித்தியாசம் எடுங்கள். பதிப்பு 14-லிருந்து உள்ள வால் புள்ளிவிவரக் காட்சி, மொத்தப் பதிவுகள் எத்தனை, அதில் முழுப்பேஜ் நகல் எத்தனை என்று தனித்தனியாகவே சொல்லும். வால் டம்ப் கருவியைப் புள்ளிவிவர முறையில் ஓட்டினால் டேபிள் எவ்வளவு, இண்டெக்ஸ் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும். நகல்களின் பங்கு பாதியைத் தாண்டினால் பர்ச்சேஸ் ஆர்டரை நிறுத்திவைத்து இண்டெக்ஸைப் பாருங்கள்.

கமிட்

ஒவ்வொரு கமிட்டுக்கும் ஒரு எஃப்சிங்க் (டிஸ்க்கில் உறுதியாக இறக்கு என்ற கட்டளை). 7,200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 120 சுற்று சுற்றுகிறது; ஒரே இணைப்பில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் கமிட்டுகளுக்கு உச்சவரம்பு அவ்வளவுதான். பவர் லாஸ் புரொடெக்‌ஷன் இல்லாத சாதாரண என்விஎம்இ எஸ்எஸ்டியில் ஒரு ஃப்ளஷ்ஷுக்கு ஒன்று முதல் சில மில்லி விநாடிகள் ஆகும். அந்தப் பாதுகாப்பு உள்ள டிஸ்க்கில் சில பத்து மைக்ரோ விநாடிகள். காரணம் எளிது. கரண்ட் போனாலும் தன் ரேமில் இருப்பதை ஃப்ளாஷில் எழுதி முடிக்கக் கெப்பாசிட்டர் இருப்பதால், ரேமுக்கு வந்தவுடனேயே “எழுதியாயிற்று” என்று அந்த டிஸ்க்கால் நேர்மையாகச் சொல்ல முடிகிறது.

ஆனாலும் ஒரு ரெக்கார்டுக்கு ஒரு கமிட் என்று எழுதும் அப்ளிகேஷனை எந்த டிஸ்க்கும் காப்பாற்றாது. விநாடிக்கு 11,111 கமிட் என்றால் நாளைக்கு 96 கோடி டிரான்சாக்‌ஷன் எண்கள் கரையும். போஸ்ட்கிரெஸில் அந்த எண் 32 பிட். சுமார் 210 கோடி வரைதான் முன்னே போக இடம். இரண்டு நாளுக்குச் சற்று மேல். இயல்பான 20 கோடி வரம்பைத் தொட்டுக் கட்டாய ஆட்டோவாக்யூம் கிளம்ப ஐந்தே மணி நேரம் போதும். ஆயிரம் ரெக்கார்டை ஒரு பேட்சாக, முடிந்தால் காப்பி கட்டளையில் அனுப்பினால் உச்ச நேரத்தில்கூட விநாடிக்கு 70 கமிட்தான். எண்ணும் மிஞ்சும், டிஸ்க்கும் மூச்சுவிடும். பேட்ச் நிரம்ப அப்ளிகேஷன் காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு விநாடி என்று மேல்வரம்பு வையுங்கள்.

சிங்க்ரனஸ் கமிட்டை அணைப்பது இரண்டாவது வழி. சர்வர் விழுந்தால் கடைசி 0.6 விநாடிவரையிலான கமிட்டுகள் போகலாம், டேட்டாபேஸ் சிதையாது. ஹெட் எண்ட் சிஸ்டம் திரும்ப அனுப்பும் என்றால் ரீடிங் டேபிளுக்கு இது சரி. ப்ரீபெய்டு ரீசார்ஜ் டேபிளுக்குக் கூடவே கூடாது. டிரான்சாக்‌ஷன் வாரியாக மாற்றலாம் என்பதால் இரண்டையும் ஒரே சர்வரில் வைக்க முடியும். இதோடு குழப்பிக்கொண்டு எஃப்சிங்க்கையே அணைப்பவர்களும் இருக்கிறார்கள். அது டேட்டாபேஸை முழுவதுமாக இழக்கும் வழி.

டிஸ்க் தேர்வு

எஸ்எஸ்டியின் ஆயுள் டிடபிள்யூபிடி என்ற அளவில் வரும். உத்தரவாதக் காலம் முழுக்க நாளுக்கு எத்தனை முறை முழு டிஸ்க்கையும் எழுதலாம் என்று பொருள். 3.84 டிபி, 1 டிடபிள்யூபிடி, 5 ஆண்டு என்றால் 7,008 டிபி. பழைய அமைப்பின் 7 டிபியை மிரரில் (ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கில் எழுதும் முறை) போட்டால் இரண்டு டிஸ்க்கும் ஆயிரம் நாளில் முடிந்துவிடும். மூன்று வருஷம்கூட ஓடாது. புதிய அமைப்பில் 0.13 டிடபிள்யூபிடி, கவலையே இல்லை. பெரும்பாலும் ஒரே ஃப்ளாஷ் அளவைத்தான் 3.84 டிபி, 1 டிடபிள்யூபிடி என்றும், உள்ளே அதிக இடம் ஒதுக்கி 3.2 டிபி, 3 டிடபிள்யூபிடி என்றும் இரண்டு விதமாக விற்கிறார்கள். எழுத்தைக் குறைத்துவிட்டால் இரண்டாவதுக்கு அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை.

“அரை டிபிதானே, கடையில் கிடைக்கும் எஸ்எஸ்டி போதாதா?” என்ற கேள்வி வரும். சாம்சங் 990 ப்ரோ 2 டிபி மாடலுக்கு அறிவித்துள்ள எழுத்து ஆயுள் 1,200 டிபி. நாளைக்கு அரை டிபி என்றால் ஆறு வருஷத்துக்கு மேல். காகிதத்தில் சரிதான். ஆனால் இந்த வகை டிஸ்க்குகளில் மேலே சொன்ன கெப்பாசிட்டர் பாதுகாப்பு இல்லை. அதிவேக எஸ்எல்சி கேஷ் நிரம்பியதும் வேகம் சரியும். நாள் முழுக்க எழுதுகிற சர்வரில் அந்தக் கேஷ் காலியாக நேரமே கிடைக்காது. அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகம் லேப்டாப்காரருக்கு.

பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு முறைகளில் ரெய்டு 10 எடுங்கள். ரெய்டு 5-ல் ஒவ்வொரு சிறு எழுத்துக்கும் பழைய டேட்டாவைப் படி, பழைய பேரிட்டியை (இழந்த டேட்டாவை மீட்க உதவும் குறிப்பு) படி, இரண்டையும் எழுது என்று நான்கு வேலை; ரெய்டு 6-ல் ஆறு. மேலே சொன்ன 9,000 சிதறிய எழுத்துகள் 36,000 ஆகும். என்விஎம்இ டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் எம்டி சாஃப்ட்வேர் ரெய்டு போதும். ஹார்ட்வேர் கன்ட்ரோலர்தான் வேண்டுமென்றால் அதன் கேஷ் பேட்டரியைக் கண்காணிப்பில் சேருங்கள். பேட்டரி தளர்ந்தால் கன்ட்ரோலர் சத்தமில்லாமல் ரைட்-த்ரூ (கேஷை நம்பாமல் நேரே டிஸ்க்கில் எழுதும்) முறைக்கு இறங்கும். “டேட்டாபேஸ் திடீரென்று மெதுவாகிவிட்டது” என்று எஸ்க்யூஎல்லைக் கிண்டிக்கொண்டிருப்பார்கள்.

ஒரே பேட்ச் டிஸ்க்குகளால் மிரர் கட்டாதீர்கள். 2019 நவம்பரில் ஹெச்பிஇ நிறுவனம் தன் சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டிகள் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும் என்று ஃபர்ம்வேர் எச்சரிக்கை வெளியிட்டது. ஒரே நாளில் பவர் போட்ட டிஸ்க்குகள் ஒரே மணியில் போனால் ரெய்டு எதைக் காப்பாற்றும்? இரண்டு உற்பத்தியாளர், அல்லது குறைந்தது வேறு வேறு தயாரிப்புத் தேதி. ஃபர்ம்வேர் அறிவிப்புகளைப் படிப்பது ஒருவருடைய பொறுப்பு என்று பெயர் போட்டு எழுதிவையுங்கள்.

நம் உதாரணத்துக்கு அளவு போடுவோம். டேபிளும் இண்டெக்ஸ்களும் நாளைக்கு 133 ஜிபி. 90 நாள் வைத்தால் 12 டிபி. 7.68 டிபி டிஸ்க் நான்கு, ரெய்டு 10-ல் 15.36 டிபி. 12 டிபிக்கு மேல் நிரப்ப வேண்டாம். எஸ்எஸ்டிக்குள் காலி இடம் குறையக் குறைய அதன் உள்வேலை கூடும். பழைய பார்ட்டிஷனை டிராப் செய்யுங்கள். 96 கோடி ரெக்கார்டை டெலீட் செய்தால் அத்தனையும் மறுபடி வால் எழுத்து.

வாலுக்குத் தனி ஜோடி தேவையா என்று வாதம் நடக்கும். என்விஎம்இ காலத்தில் வேகத்துக்காகக் கட்டாயமில்லை, ஆனால் செக்பாயிண்ட் பேஜ்களை வாரி இறைக்கும் நேரத்தில் கமிட்டின் ஃப்ளஷ் அதே வரிசையில் நிற்காமல் இருக்க உதவும். எங்களுக்குப் பெரிய காரணம் வேறு. ரெப்ளிகா விழுந்துவிட்டால் அதன் ஸ்லாட்டுக்காக (ரெப்ளிகா எதுவரை படித்தது என்ற குறிப்பு) பிரைமரி, அதாவது மூல சர்வர், வாலை அழிக்காமல் சேர்த்துக்கொண்டே போகும். வெள்ளி இரவு ரெப்ளிகா விழுந்து, நான்கு நாள் பொங்கல் விடுமுறை முடிந்து ஆள் வரும்போது 940 ஜிபி சேர்ந்திருக்கும். வால் டிஸ்க் நிரம்பினால் டேட்டாபேஸே நின்றுவிடும். 1.92 டிபி ஜோடி ஒன்று வைத்து, ஸ்லாட்டுக்காக வைத்திருக்கும் அளவுக்கு 1.2 டிபி என்று வரம்பும் போட்டுவிடுங்கள். பதிப்பு 13-லிருந்து அந்த அமைப்பு இருக்கிறது. வரம்பு தாண்டினால் ரெப்ளிகாவைப் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும், பிரைமரி பிழைக்கும்.

ரேம், சிபியு, கெர்னல்

எழுதுவதற்கும் ரேம் வேண்டும், ஏனென்றால் இண்டெக்ஸ் பேஜில் சேர்க்க முதலில் அந்தப் பேஜைப் படிக்க வேண்டும். பழைய அமைப்பில் அன்றைய 38 ஜிபி இண்டெக்ஸ் முழுவதும் ரேமில் நிற்க வேண்டியிருந்தது. நிற்காவிட்டால் ஒவ்வொரு இன்செர்ட்டுக்கும் டிஸ்க் படிப்பு. புதிய அமைப்பில் சூடான பகுதி 1 ஜிபிக்குள். 128 ஜிபி ரேம் போதும். அதில் 32 ஜிபியை ஷேர்டு பஃபருக்குக் கொடுத்து, ஹியூஜ் பேஜஸ் இயக்குங்கள். ஈசிசி ரேம்தான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கெர்னலில் ஒரு மாற்றம் அவசியம். எழுதாமல் தேக்கிவைக்கும் பேஜ்களுக்கு லினக்ஸ் ரேமில் சதவீதக் கணக்கு வைத்திருக்கிறது: பின்னணியில் எழுதத் தொடங்க 10, எழுதுபவரையே நிறுத்திவைக்க 20. 128 ஜிபியில் 10 சதவீதம் என்றால் 12 ஜிபிக்கு மேல் தேங்கிவிட்டு ஒரே அடியாக டிஸ்க்கில் விழும், கமிட்டுகள் விநாடிக்கணக்கில் நிற்கும். சதவீதத்தை விட்டுவிட்டு பைட் கணக்கில் 256 எம்பி, 1 ஜிபி என்று அமையுங்கள். ஃபைல் சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ் அல்லது இஎக்ஸ்டி4. வேகம் கூட்டுகிறேன் என்று ரைட் பேரியரை அணைக்கும் பழைய குறிப்புகளைப் பின்பற்றாதீர்கள்.

சிபியுவில் கோர் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகம் முக்கியம். பிரைமரியில் 32 இணைப்புகள் 16 கோர்களில் பரவி எழுதலாம். ரெப்ளிகாவில் அந்த வாலைத் திரும்ப இயக்குவது ஒரே ஒரு புராசஸ். எட்டுவழிச் சாலையின் வண்டிகளெல்லாம் ஒரே சுங்கச்சாவடி வழியாகப் போகிற நிலை அது. அதனால்தான் “ரெப்ளிகாதானே” என்று பழைய சர்வரைக் கொடுப்பது தவறு. அதே சிபியு, அதே டிஸ்க்; ஃபெயில்ஓவர் ஆன மறுநிமிடம் அதுதான் பிரைமரி.

ரெப்ளிகா எங்கே இருக்கிறது என்பதும் கமிட் நேரத்தில் தெரியும். ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டருக்கு 5 மைக்ரோ விநாடி எடுக்கும். சென்னைக்கும் மும்பைக்கும் நடுவே ஆயிரம் கிலோமீட்டர் என்று குறைத்தே வைத்தாலும் போய்வர 10 மில்லி விநாடி; கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் நடைமுறையில் இன்னும் கூடும். சிங்க்ரனஸ் ரெப்ளிகாவை அதே ஊரில் வையுங்கள், தூரத்து ஊரில் அசிங்க்ரனஸ். பழைய அமைப்பின் மாலை நேரத்து விநாடிக்கு 50 எம்பி வால் என்பது 400 எம்பிபிஎஸ் லிங்க். உச்சத்தில் 1 ஜிபிபிஎஸ் இணைப்பே திணறும். புதிய அமைப்பின் உச்சம் 15 எம்பிக்குள். அப்படியும் 10 ஜிபிபிஎஸ் வைப்பது ரெப்ளிகாவைப் புதிதாகக் கட்டும் நாளுக்காக: 12 டிபியை 1 ஜிபிபிஎஸ்ஸில் நகலெடுக்க 27 மணி நேரம் ஆகும்.

க்ளவுடில் என்றால் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஏடபிள்யூஎஸ்ஸின் (அமேசான் க்ளவுட்) ஜிபி3 என்ற வகை டிஸ்க் வால்யூம் அடிப்படையில் 3,000 ஐஓபிஎஸ் (விநாடிக்கு இத்தனை படிப்பு, எழுத்து), விநாடிக்கு 125 எம்பி தருகிறது. பழைய அமைப்பின் 9,000 எழுத்துகளுக்கு மேல்தொகை கட்ட வேண்டும். வால்யூமுக்குக் கட்டினாலும் இன்ஸ்டன்ஸுக்குத் தனி வரம்பு உண்டு. சிறிய இன்ஸ்டன்ஸ்கள் அட்டவணையில் காட்டும் உச்ச டிஸ்க் வேகத்தை 24 மணி நேரத்தில் 30 நிமிடம் மட்டும்தான் உறுதியாகத் தரும். அரைமணி நேர டெஸ்ட்டில் அருமையாக ஓடிய சர்வர் மதியத்துக்குள் படுப்பது இதனால்தான்.

ஒப்புக்கொள்ளும் முன் சோதனை

புது எஸ்எஸ்டியை அப்படியே சோதித்தால் பொய் எண் வரும், ஏனென்றால் ஃப்ளாஷ் முழுவதும் காலியாக இருக்கிறது. முதலில் முழுக் கொள்ளளவையும் இரண்டு முறை எழுதி நிரப்புங்கள். பிறகு எஃப்ஐஓ கருவியில் இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டுங்கள்: ஒன்று 8 கேபி சிதறிய எழுத்து, இன்னொன்று ஒவ்வொரு எழுத்துக்கும் ஃப்ளஷ் கேட்கும் வரிசை எழுத்து. குறைந்தது நான்கு மணி நேரம். சராசரியைப் பார்க்க வேண்டாம், ஃப்ளஷ்ஷின் 99.9 சதமானத்தை (ஆயிரத்தில் 999 ஃப்ளஷ் முடிந்துவிடும் நேரம்) பாருங்கள். அது சில மில்லி விநாடிக்குள் நிற்காமல் அவ்வப்போது நூறைத் தொட்டால் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது சேஸிஸில் காற்றோட்டத்தைப் பாருங்கள். சூடேறினால் என்விஎம்இ தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். போஸ்ட்கிரெஸோடு வரும் எஃப்சிங்க் சோதனைக் கருவி ஒரு நிமிடத்தில் முதல் அறிகுறியைத் தரும். பாதுகாப்பில்லாத டிஸ்க்கில் விநாடிக்குப் பல்லாயிரம் எஃப்சிங்க் என்று அது காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். நடுவில் ஏதோ ஒன்று எழுதாமலே எழுதினேன் என்கிறது.

டேட்டாபேஸ் சோதனையைக் காலி டேபிளில் ஓட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் ஏமாற்று. பழைய அமைப்புகூட காலை ஆறு மணி அளவு இண்டெக்ஸில் நன்றாகத்தான் ஓடும். முதலில் 96 கோடி ரெக்கார்டை ஏற்றி இரவு பதினொரு மணி நிலைமையை உண்டாக்கி, அதன் பிறகு விநாடிக்கு 70,000 தள்ளுங்கள். குறைந்தது மூன்று செக்பாயிண்ட் கடக்க வேண்டும். 30 நிமிட இடைவெளியில் அது ஒன்றரை மணி நேரம். ஓடிக்கொண்டிருக்கும்போதே ரெப்ளிகாவை நிறுத்தி, ஒரு மணி நேரம் கழித்து எழுப்பி, எவ்வளவு நேரத்தில் எட்டிப்பிடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக பவர் கார்டை உருவுங்கள். ஷட்டவுன் பட்டனோ ரீசெட்டோ போதாது. அவற்றில் டிஸ்க்குக்கு வரும் மின்சாரம் திடீரென்று துண்டிக்கப்படாது. மீண்டெழுந்ததும், அப்ளிகேஷன் பக்கம் கமிட் ஆனதாகப் பதிவான கடைசி பேட்ச் டேபிளில் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். இந்தச் சோதனைக்கு மட்டும் சிங்க்ரனஸ் கமிட் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

ஓடத் தொடங்கிய பிறகு மாதம் ஒருமுறை ஒவ்வொரு என்விஎம்இயின் ஸ்மார்ட் பதிவிலும் இரண்டு எண்களை எடுத்துவையுங்கள்: எழுதிய டேட்டா யூனிட்டும், பயன்படுத்திய ஆயுள் சதவீதமும். ஒரு யூனிட் என்பது 5,12,000 பைட். மாதத்துக்கு 15 டிபி என்று திட்டமிட்ட இடத்தில் 60 டிபி காட்டினால் யாரோ ஒருவர் புது இண்டெக்ஸ் போட்டிருக்கிறார். சதவீதம் 100-ஐத் தாண்டியும் டிஸ்க் ஓடும், ஆனால் உத்தரவாதம் அங்கே முடிந்துவிட்டது. 70-ல் மாற்று டிஸ்க்குக்கு ஆர்டர் போட்டு, மிரரின் ஒரு பக்கத்தை மட்டும் முதலில் மாற்றுங்கள், இன்னொன்றை ஆறு மாதம் கழித்து.